பேர் கேக்காத பெட்டி

வீசிங் எனக்கு ஏழாங்கிளாஸோட நின்னு போச்சு, அக்கா. அது உனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அப்பா மட்டும் தான், பனியில திரும்ப வந்துரும்னு நான் சொன்னத அப்படியே நம்பிட்டார். கோவில்பட்டி பூரா அலைஞ்சு ஒரு கம்பளி ஜெர்கின் வேற வாங்கி வச்சிருந்தாராமே. அத மாமாகிட்ட குடுத்துரச் சொல்லு. கொடைக்கானல் போனா ஆகும்.

நீ போன்ல கத்தினது சரி தான். நம்ம குடும்பத்துல முதல் ஆளா வெளிநாடு போறான், அதுவும் ஒரு நாட்டோட பிரசிடெண்ட் கையால சர்டிஃபிகேட் வாங்கப் போறான்னு தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாமச் சொல்லியாச்சு. இப்ப போகலன்னு சொன்னா எப்படி வெளிய தல காட்டறதுன்னு கேட்ட. கேக்கத் தான் செய்வ. ஏன் போகலன்னு சொல்றேன். இத ஸ்பீக்கர்ல போடாத. அம்மா பக்கத்துல இருந்தா நிறுத்திட்டு அப்புறமாக் கேளு.

முதல்ல நான் என்ன வேல பாக்குறேன்னு சொல்லணும். இத்தன வருஷத்துல நீங்க யாரும் கேட்டதில்ல, கம்ப்யூட்டர் வேலன்னு விட்டுட்டீங்க. நானும் அதோட விட்டுட்டேன்.

அந்த நாட்டுப் பேரு வேண்டாம். எங்க ஆபீஸ்லயே யாரும் பேரச் சொல்ல மாட்டோம், ரிபப்ளிக்னு தான் சொல்வோம். ரஷ்யா எல்லாம் ஒரே பெரிய நாடா இருந்தப்போ அதுல ஒரு துண்டு. தொண்ணூத்தொண்ணுல தனியாப் பிரிஞ்சுச்சு. இப்ப ஆளுறவர் பிரியறதுக்கு முன்னாடியே கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளரா இருந்து ஆண்டவர் தான். கட்சி போச்சு, அவர் போகல. அதே கட்டடம், அதே மாடி, அதே நாற்காலி. வாசல்ல போர்ட மட்டும் கழட்டிட்டு பிரசிடெண்ட் ஆபீஸ்னு மாட்டிட்டாங்க. இத எனக்குச் சொன்னது கிருஷ்ணபிரசாத் சார், அப்ப எங்க டீம் லீட். தமிழ்க் குடும்பம் தான், ஆனா தாத்தா காலத்துலயே ஹைதராபாத் வந்தவங்க. பேசினா நடுவுல ஆமாவுக்கு ஹவ், வேண்டாத்துக்கு நக்கோன்னு அந்த ஊர் உருது விழும்.

அந்த ஆபீஸ்ல கட்சி காலத்துலருந்தே ஒரு பழக்கம். வாரத்துல ஒரு நாள் ஜனங்க வரிசையில நின்னு, தலைவரோட வரவேற்பறையில மனு குடுப்பாங்க. நம்ம கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழம குடுக்குறாங்கல்ல, அது மாதிரி. அத இன்டர்நெட்டுலயும் வாங்கணும்னு ஆசப்பட்டாங்க. அந்த கான்ட்ராக்ட் எப்படியோ எங்க கம்பெனிக்கு வந்துச்சு. ஹைதராபாத் கொண்டாப்பூர்ல நாலாவது மாடியில உக்காந்துக்கிட்டு, நாங்க மேப்ல மட்டும் பாத்த ஒரு நாட்டோட தலைவருக்கு வர்ற மனுவ எல்லாம் நாங்க பிரிச்சோம், அடுக்கினோம், பதில் அனுப்பினோம். பதில் எல்லாம் முன்னாடியே எழுதி வச்சது தான். உங்க கோரிக்கைய தலைவர் அலுவலகம் கவனிச்சுக்கிட்டு இருக்கு, அந்த மாதிரி. எதுக்கு எதப் போடணும்னு எடுத்துப் போடுறது எங்க வேல.

மனு போட ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணுல பேர், விலாசம் எல்லாம் குடுக்கணும். பென்ஷன் வரல, ரோடு போடலன்னு எழுதுறவங்க அதுல எழுதுவாங்க. இன்னொண்ணுக்கு நம்பிக்கைப் பெட்டின்னு பேரு. அது பேர் கேக்காது. அதிகாரிங்க மேல புகார் சொல்றவங்களுக்காக வச்சது. நீங்க யாருன்னு கேக்க மாட்டோம், தேடவும் மாட்டோம்னு பெட்டிக்கு மேலயே போட்டிருக்கும். அந்த வரி சின்னதா ஓரத்துல கெடந்துச்சு. பெருசாக்கி நடுவுல கொண்டு வந்து வச்சவன் நான் தான். எழுதினவங்களுக்கு ஒரு நம்பர் வரும். அத வச்சு அப்புறம் வந்து பதிலப் பாத்துக்கலாம்.

எங்களுக்குப் பெரிய தலவலி, ஒரே ஆளு ஒரே விஷயத்தத் திரும்பத் திரும்ப எழுதுறது தான். அதுக்குன்னு டூப்ளிகேட்னு ஒரு பட்டன் உண்டு. அத அழுத்தினா அந்த மனு பழைய மனுவோட சேந்து மூடிக்கும். பதில் போகாது. அதுக்கப்புறம் யாரும் அதத் திறக்கவும் மாட்டாங்க. ஒரு நாளைக்கு நெறைய அழுத்துவோம். தப்பான வேலையில்ல அது, எல்லாக் கம்பெனியிலயும் உண்டு.

பெட்டியில ஒருத்தங்க எழுதுவாங்க. டீச்சர்னு நான் தான் பேரு வச்சேன். ஏதோ மலையடிவாரத்து ஊர்ல பள்ளிக்கூடம். அவங்க பாஷைய மெஷின் தான் இங்கிலீஷ்ல மாத்திக் குடுக்கும், கோணலும் மாணலுமா வரும். அத நான் மனசுக்குள்ள தமிழ்ல மாத்திப் படிப்பேன். அப்படிப் படிச்சுப் படிச்சு, அவங்க நம்ம ஊர்ல யாரோ ஒரு டீச்சர் மாதிரி, சேலையச் சொருகிக்கிட்டு நின்னு பேசுற மாதிரியே ஆயிருச்சு.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு பாய்லர் வாங்க அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கு. அங்க பாய்லர் இல்லாமக் குளிர் காலத்தத் தாண்ட முடியாது. வாங்கியாச்சுன்னு எழுதி, அத அந்த மாகாண கவர்னர் தன்னோட வீட்டுக் குளியலறைக்குக் கொண்டு போயிட்டார். கவர்னர் பிரசிடெண்டுக்கு மச்சினன் முறை. இதத் தான் டீச்சர் எழுதுவாங்க. கோவமா எழுத மாட்டாங்க. புள்ளைங்க ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்திருக்காங்க, எழுதுங்கன்னு சொன்னா ஒரு கையும் வெளிய வர மாட்டேங்குதுன்னு எழுதுவாங்க. தெரு நாய் ஒண்ண வகுப்புக்குள்ள விட்டிருக்கோம், பக்கத்துல உக்காரச் சண்ட நடக்குதுன்னு எழுதுவாங்க. ஒரு தடவ, விரிசல் விட்ட பழைய அடுப்ப மூட்டினதுல புக பரவி, ஒரு புள்ள தூங்கினது எந்திரிக்கவே இல்லன்னு எழுதினாங்க. அதுலயும் கோவம் இல்ல. அந்தப் புள்ளைக்கு வாய்ப்பாடு நல்லா வரும்னு ஒரு வரி இருந்துச்சு.

நான் எடுத்துப் போட்ட பதில், உங்க கோரிக்கைய தலைவர் அலுவலகம் கவனிச்சுக்கிட்டு இருக்கு.

அன்னிக்கு அதோட நிறுத்த முடியல. கீழ நானா ஒரு வரி சேத்தேன். உங்க கடிதங்கள நான் படிக்கிறேன், தயவுசெய்து எழுதுறத நிறுத்தாதீங்கன்னு. அப்படிச் சேக்கக் கூடாது. சேத்தேன். எரக்கத்துல தான் சேத்தேன்னு உன்கிட்ட சொன்னா நீ நம்புவ. பாதி நெசம். மீதி என்னன்னா, அந்த மாசம் பெட்டிக்கு மனு கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. பெட்டி காலியானா பெட்டிய மூடிருவாங்க, மூடினா எங்க டீம்ல பாதிப் பேருக்கு வேல இல்ல.

டீச்சர் பதில் எழுதினாங்க. அங்க ஒரு மனுஷன் இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன், அது போதும்னு. அதுக்கப்புறம் அடிக்கடி எழுதினாங்க.

இனி அந்த வருஷத்தச் சொல்றேன். 2009. ரிசஷன்ல எங்க கம்பெனியில வாராவாரம் ஒரு நாற்காலி காலியாகும். ப்ராஜெக்ட் இல்லாதவங்கள பெஞ்ச்னு ஒரு எடத்துல உக்கார வச்சு, கொஞ்ச நாள்ல ஐடி கார்ட வாங்கிட்டு அனுப்பிருவாங்க. எங்க கான்ட்ராக்ட்டும் அடுத்த ஜனவரியோட முடியுது. அவங்க ஊர்க் கம்பெனி ஒண்ணு குறைச்சுக் கேட்டு நிக்குதுன்னு பேச்சு. நான் அப்ப தான் உன் கல்யாணத்துக்கு வந்துட்டு, எல்லாத்தையும் நான் பாத்துக்குறேன்னு அப்பாகிட்ட வீரமாச் சொல்லிட்டுத் திரும்பியிருந்தேன். ராத்திரி தூக்கம் வராது.

கிருஷ்ணபிரசாத் சார் எங்கள எல்லாம் உக்கார வச்சுச் சொன்னார். "கஸ்டமர் கேட்டதச் செஞ்சா அதுக்குப் பேரு சம்பளம். அவங்க கேக்காத ஒண்ணச் செஞ்சு கொண்டு போய்க் காட்டணும் பாருங்க, அதுக்குப் பேரு தான் ரினியூவல். ஆளுக்கு ஒண்ணு யோசிச்சுட்டு வாங்க. சும்மா பரேஷான் ஆகிக்கிட்டு உக்காராதீங்க." இது அவர் கண்டுபிடிச்சதில்ல. எங்க தொழில்ல எல்லாரும் இப்படித் தான். வேல்யூ ஆட்ன்னு சொல்வோம். கேக்காததக் குடுக்குறது.

நான் யோசிச்சது டூப்ளிகேட்ட ஒழிக்கிறதப் பத்தி. எங்க சைட்ட ஒருத்தர் முதல் தடவ திறந்தா எந்த மொழி வேணும்னு கேக்கும். அடுத்த தடவ அதையே கேக்க வேண்டாம்னு அவங்க கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன அடையாளம் வச்சுட்டு வருவோம். எல்லா சைட்டும் வைக்கிறது தான். அந்த அடையாளத்த வச்சுப் பாத்தா, பெட்டியில வர்ற எந்தெந்த மனு ஒரே கம்ப்யூட்டர்லருந்து வருதுன்னு தெரிஞ்சுரும். நான் செஞ்சது அவ்வளவு தான். யாரையும் பிடிக்கணும்னு நான் உக்காரல.

ஓட விட்டுப் பாத்தப்போ தான் தெரிஞ்சுச்சு. அதே அடையாளம், பேர் குடுத்து எழுதுற பக்கத்துலயும் இருக்கு. ரெண்டையும் சேத்தா, பேர் கேக்காத பெட்டிக்குள்ள இருக்குறவங்களுக்குப் பேர் வந்துருது. டீச்சர் முன்னால ஒரு தடவ அவங்க அம்மா பென்ஷனுக்காக அந்தப் பக்கத்துல எழுதியிருக்காங்க. பேர், தெரு, வீட்டு நம்பர், போன் எல்லாம் வந்து நின்னுச்சு.

எனக்கு அப்ப பயம் வரல, அக்கா. சந்தோஷம் வந்துச்சு. இத்தன நாள் பேசின ஆளுக்கு ஒரு பேரு கெடச்ச சந்தோஷம். வாய் விட்டு ஒரு தடவ சொல்லிக் கூடப் பாத்தேன். அந்தப் பேர இப்ப உன்கிட்ட சொல்ல மாட்டேன். சொல்ற உரிமை எனக்கு இல்ல.

டெமோவுக்கு ஒரு உதாரணம் வேணும். எத்தனையோ பேர் இருந்தாங்க. ரோட்டுக்குத் தார் போடலன்னு தெனம் எழுதுற ஒரு கிறுக்குப் பெரியவர் இருந்தார், அவரக் காட்டியிருக்கலாம். நான் டீச்சர எடுத்தேன். அவங்க கத எனக்கு மனப்பாடம். தடுமாறாமச் சொல்லலாம்ல.

எங்க டீம்ல ஜுலைகான்னு ஒருத்தி. மேலப்பாளையம், நம்ம பக்கத்துப் பொண்ணு. நான் செஞ்சத உடைச்சுப் பாக்குறது அவ வேல. இதக் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "பெட்டி மேல என்ன எழுதி வச்சிருக்க?" ன்னா.

நான் அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.

"உன்ன தான் கேக்குறேன் அரசு. தேட மாட்டோம்னு தான எழுதியிருக்க?"

"இது சும்மா டெமோ. டூப்ளிகேட்டுக்காக."

"யாருன்னு காட்டச் சொல்லி அவங்க கேட்டாங்களா?"

"இல்ல."

"கேக்காதத எதுக்குக் காட்டணும்? ரொம்ப தான் நல்லவனாகாத. பேரயாச்சும் மறச்சுத் தொல."

மறச்சேன். பேரு, விலாசம் மேல கறுப்பா ஒரு பட்ட போட்டேன். அவளே சரி பாத்தா. பட்ட மேல ஒரு தடவ க்ளிக் பண்ணினா விலகுற மாதிரி நான் வச்சிருந்தத அவ பாக்கல. எதுக்கு அப்படி வச்சேன்னு கேட்டா, எல்லா ஸ்லைடுலயும் நான் அப்படித் தான் வைப்பேன். அது நெசமும் கூட.

டெமோ அன்னிக்கு, தெலங்கானாவத் தனி மாநிலமாக் கேட்டு பந்த். பஸ், ஆட்டோ எதுவும் ஓடல. கிருஷ்ணபிரசாத் சார் ஊரோட அந்தக் கோடியில, சைனிக்புரியில மாட்டிக்கிட்டார். ஜுலைகாவால ஹாஸ்டல விட்டு வெளிய வர முடியல. நான் கொண்டாப்பூர்லயே ரூம் எடுத்திருந்ததால நடந்து வந்துட்டேன். வீடியோவுல நான் ஒருத்தன் தான். சார் போன்ல இருந்தார், லைன் விட்டு விட்டு வந்து, கடைசியில போயே போச்சு.

அந்தப் பக்கம் பிரசிடெண்ட் ஆபீஸ் செக்ரட்டரி. கை இல்லாத ஸ்வெட்டர் போட்ட, சாதுவான மனுஷன். உங்க ஊர்ல வெயிலான்னு தான் எப்பவும் ஆரம்பிப்பார். அவருக்குப் பின்னால ஒரு மேசையில வரிசையா டெலிபோன், ஒண்ணுலயும் நம்பர் சுத்துற வட்டம் கெடையாது. எடுத்தா நேரா ஒரே ஒருத்தருக்குப் போற போனாம் ஒவ்வொண்ணும். கட்சி காலத்துது, இன்னும் வேல செய்யுதுன்னு ஒரு தடவ பெருமையாச் சொல்லியிருக்கார்.

அன்னிக்கு நடந்தத நான் ஆபீஸ்ல எப்படிச் சொன்னேனோ அப்படியே முதல்ல சொல்றேன். டெமோ காட்டினேன், அவருக்குப் பிடிச்சிருந்துச்சு, இது யாருன்னு கேட்டார், கஸ்டமர் கேக்கும்போது இல்லன்னு சொல்ல முடியாம பட்டய விலக்கினேன். இதத் தான் சார்கிட்ட சொன்னேன். அவர், ஹவ், வேற என்ன பண்ண முடியும்னார். ஜுலைகாகிட்டயும் இதையே சொன்னேன். அவ என் மூஞ்சியப் பாத்து, கேட்டுட்டாங்கன்னா நீ என்ன செய்வன்னு சொன்னா. அப்புறம் சென்னையில வேல கெடச்சுப் போகும்போதும், உன் மேல தப்பில்ல அரசுன்னு சொல்லிட்டுத் தான் போனா. அந்தச் சொல்லத் தான் இன்னிக்கு வரைக்கும் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.

ரெண்டு வாரத்துல ரினியூவல் வந்துருச்சு, மூணு வருஷத்துக்கு. பிரியாணி, கேக் எல்லாம் ஆச்சு. கண்ணாடிக் கேடயம் ஒண்ண நான் கையில வச்சிருக்குற போட்டோவ அப்பா ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கார்ல, அது அந்த நாள் எடுத்தது.

டீச்சர் எழுதுறது நின்னு போச்சு.

பள்ளிக்கூடம் லீவா இருக்கும்னு நெனச்சேன். அப்புறம், பாய்லர் வந்துருச்சு போல, இனி எழுத என்ன இருக்குன்னு நெனச்சேன். நான் காட்டினதால தான் மேலிடத்துக்குத் தெரிஞ்சு பாய்லர் வந்துச்சுன்னு கூட நெனச்சேன், அக்கா. அப்படி நெனச்சுக்கிட்டு சில நாள் நல்லாத் தூங்கினேன்.

அப்புறம் பேர் குடுத்து எழுதுற பக்கத்துல ஒரு மனு வந்துச்சு. டீச்சரோட அம்மா. பக்கத்து வீட்டுப் பையன விட்டு டைப் பண்ணச் சொல்லியிருக்காங்க. பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பேர் வந்து கொஞ்சம் பேசணும்னு என் மகளக் கூட்டிட்டுப் போனாங்க, திரும்ப வரல, கேட்டா எந்த ஆபீஸ்லயும் அப்படி ஆளே வரலன்னு சொல்றாங்க. கடைசியா இப்படி இருந்துச்சு: "உங்கள் அலுவலகத்தில் என் மகளுக்குப் பதில் எழுதும் நல்ல மனிதர் ஒருவர் இருப்பதாக அவள் சொல்வாள். இதை அவரிடம் கொடுங்கள்."

அது என்கிட்ட தான் வந்துச்சு. சரியான ஆள்கிட்ட தான் வந்துச்சு.

அது டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டர். அதே அடையாளம். அதனால நான் செஞ்சு வச்ச சிஸ்டம், மேல மஞ்சளா ஒரு பட்ட காட்டி, இது டூப்ளிகேட்டா, ஆமா, இல்லன்னு கேட்டுச்சு. நான் ஆமா அழுத்தினேன்.

செக்ரட்டரிகிட்ட கேட்டிருக்கலாம். வேற யாருக்காவது எழுதியிருக்கலாம். அந்த அம்மாவுக்கு, நான் தான் அந்த ஆளு, நான் ஹைதராபாத்ல இருக்கேன், என்னால ஒண்ணும் முடியாதுன்னாவது சொல்லியிருக்கலாம். முயற்சி பண்ணினேன், நடக்கலன்னு சொல்ல வரல. முயற்சி பண்ணல. செக்ரட்டரிகிட்ட வேற ஏதோ பேசும்போது மட்டும் ஒரு தடவ, டெமோவுல காட்டின விஷயம் என்ன ஆச்சு சார்னு கேட்டேன். தீந்துருச்சுன்னார். உங்க ஊர்ல இப்ப மழையான்னு கேட்டார்.

அடுத்த வாரமும் அந்த அம்மா எழுதினாங்க. பதில் வரலன்னா நானே நேர்ல வந்து வரிசையில நிப்பேன், ஒவ்வொரு வாரமும் நிப்பேன்னு. அதுக்கும் ஆமா அழுத்தினேன். ஒவ்வொரு தடவயும் அழுத்த கஷ்டமா இருந்ததால, அந்தக் கம்ப்யூட்டர்லருந்து எது வந்தாலும் கேக்காமலே மூடிக்கிற மாதிரி ஒரு ரூல் போட்டேன். ரூல் எழுத ரொம்ப நேரம் ஆகல. அதுக்கப்புறம் அவங்க எழுதினது எதையும் நான் படிக்கல. வருதான்னு மட்டும் எப்பவாவது பாப்பேன். வந்துக்கிட்டு தான் இருக்கு.

இன்னொண்ணும் இருக்கு. அந்த டெமோவுக்கு அப்புறம் நான் செஞ்ச அந்த சிஸ்டத்த அவங்களே வாங்கிக்கிட்டாங்க. அவங்க ஆபீஸ்ல உக்காந்து அவங்களே ஓட்டுறாங்க. சரியா ஓடலன்னா நான் சரி பண்ணிக் குடுப்பேன். டீச்சர் மாதிரி எத்தன பேர அது காட்டிக் குடுத்திருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க ஒரு பட்டன் இருக்கு. நான் அழுத்தினதில்ல. இப்ப பெட்டிக்கு ரொம்பக் கொஞ்சமாத் தான் மனு வருது. ஜனங்களுக்குக் கொற இல்லன்னு அர்த்தம்னு செக்ரட்டரி சந்தோஷமாச் சொல்றார். அதுக்குத் தான் இந்த சர்டிஃபிகேட்.

சர்டிஃபிகேட் குடுக்குறது அந்தப் பழைய வரவேற்பறையில. ப்ரோக்ராம் அனுப்பியிருந்தாங்க. மனு குடுக்க ஜனங்க வர்ற நாளாப் பாத்து வச்சிருக்காங்க, டிவியில நல்லா இருக்கும்னு. வரிசையில நிக்கிறவங்களத் தாண்டித் தான் உள்ள போகணும். அந்த அம்மாவுக்கு என் மூஞ்சி தெரியாது. எனக்கும் அவங்க மூஞ்சி தெரியாது. அதனால அங்க நிக்கிற எந்த வயசான பொம்பளையப் பாத்தாலும் அது அவங்களா இருக்கலாம். வெள்ளக்காரங்க நடுவுல கறுப்பா ஒருத்தன் கோட்டு போட்டு வந்தா, இந்தாப்பா இதக் கொஞ்சம் குடுத்துருன்னு நீட்டினாலும் நீட்டுவாங்க. அதுக்குத் தான் போகல. வீசிங் எல்லாம் இல்ல. கிருஷ்ணபிரசாத் சார் போயிட்டு வந்தார். கூட்டம் நெறையன்னு மட்டும் சொன்னார்.

இதுவரைக்கும் சொன்னத எல்லாம் நான் முன்னாடியே ஒரு தடவ சொல்லிப் பாத்துட்டேன், ரூம்ல தனியா. சொல்லும்போது ஒவ்வொரு தடவயும் ஒரு எடத்துல, கஸ்டமர் கேட்டார்னு சொல்லித் தாண்டிருவேன். உன்கிட்டயும் அப்படித் தான் தாண்டினேன். அத சரி பண்ணிருறேன்.

அன்னிக்கு டெமோவுல செக்ரட்டரிக்கு ஆர்வமே இல்ல. எத்தன மனு, எத்தன பதில்னு நான் காட்டினத எல்லாம் பாத்துக்கிட்டே டீயக் கலக்கிக்கிட்டிருந்தார். டூப்ளிகேட்டப் பத்திச் சொன்னேன். நல்லதுன்னார். டீச்சர் கதையச் சொன்னேன், பேர் இல்லாம. பாவம்னு தலையாட்டினார். பாவம்னு தான் சொன்னார், அக்கா, அது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அதோட அவர் எந்திரிக்கப் போனார். எங்க ஊர்க் கம்பெனியோட பேசிட்டு உங்களுக்குச் சொல்றோம், நல்ல வேல செஞ்சீங்க, நன்றின்னார். போனுல சார் லைன் இல்ல. ரூம்ல யாரும் இல்ல. பெஞ்ச், அப்பா, நீ, உன் மாப்பிள்ள வீடு, எல்லாம் எனக்கு முன்னால வந்து நின்னுச்சுன்னு சொல்லலாம். உண்மையில எதுவும் வந்து நிக்கல. கைய விட்டு ஒரு சாமான் நழுவுறப்போ கை தானாப் போய்ப் பிடிக்கும்ல, அப்படித் தான்.

"சார், ஒரு நிமிஷம். இது யாருன்னும் எங்களால சொல்ல முடியும்."

அவர் கேக்கல. நான் தான் சொன்னேன். அவர் நின்னு, திரும்பி, எனக்குப் புரியலன்னார். நான் பட்டய விலக்கினேன். அவர் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தார். பக்கத்துல யாரையோ கூப்பிட்டுக் கதவச் சாத்தச் சொன்னார். அப்புறம் தான் கேட்டார், இன்னொரு தடவ காட்டுங்கன்னு. அந்த இன்னொரு தடவயத் தான் நான் எல்லார்கிட்டயும், அவர் கேட்டார்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.

சொல்லிட்டேன். அந்த போட்டோவ எறக்கச் சொல்லு. காரணம் கேட்டா கண்ணாடி விரிஞ்சுருச்சுன்னு சொல்லிக்கோ. மத்தபடி அப்பாகிட்ட எதுவும் வேண்டாம்.

வேலைய விட்டுருன்னு நீ சொல்லுவ. யோசிச்சேன். வர்ற ஜனவரியில திரும்ப ரினியூவல், கிருஷ்ணபிரசாத் சார் புரமோஷன்ல மேல போயிட்டதால இந்தத் தடவ லீட் நான், எனக்குக் கீழ பதினாலு பேர் இருக்காங்க, எல்லாம் வீட்டுக்குப் பணம் அனுப்புற சின்னப் பசங்க. அவங்கள விட்டுட்டு வர்றதும் தப்பு தான. அதனால ஒரு முடிவு எடுத்திருக்கேன், அதுல மட்டும் உறுதியா இருக்கேன். இந்தத் தடவ நானா எதையும் காட்ட மாட்டேன், அக்கா. அவங்க கேட்டா மட்டும் தான் காட்டுவேன்.